சந்தேகம் வந்த அன்றே

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். கைகளையும் ஒரு முழங்காலையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவதைச் செங்கீரை என்றும், இரு கையையும் சேர்த்துக் கொட்டுவதைச் சப்பாணி என்றும், தளர்நடை போட்டு வருவதை வருகை என்றும் பருவம் பருவமாகப் பிரித்து வைத்தார்கள். நிலாவைக் காட்டி விளையாடக் கூப்பிடும் அம்புலிப் பருவமும் அதில் உண்டு. குழந்தை வளர்ச்சி மருத்துவர் இன்று தாயிடம் கேட்கும் கேள்விகளில் பாதி இவைதாம். தலை நின்றுவிட்டதா? இரண்டு கையும் நடுவில் வந்து சேர்கிறதா? நடக்கிறதா? நீங்கள் நிலாவைக் காட்டினால் உங்கள் விரலைப் பார்க்கிறதா, நிலாவைப் பார்க்கிறதா?

அந்தந்தப் பருவம் அந்தந்தக் காலத்தில் வராதபோது குடும்பம் என்ன செய்யலாம், யாரிடம் போகலாம், வீட்டிலேயே எதைத் தொடங்கலாம் என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

நம் வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் ஆயத்தமாகவே இருக்கும். “அவங்க அப்பாவும் மூணு வயசுக்குத்தான் வாயைத் திறந்தான். தானா வரும்.” ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு மெதுவாக வரும், கனத்த குழந்தை தாமதமாக நடக்கும், சீர் தட்டியிருக்கிறது, மந்திரித்தால் சரியாகிவிடும். இப்படி ஆறுதல்கள் பல. சொல்பவர்களின் அன்பில் குறையில்லை. சில குழந்தைகள் பிந்தித் தொடங்கி மற்றவர்களை எட்டிப்பிடிக்கவும் செய்கின்றன. ஆனால் எந்தக் குழந்தை எட்டிப்பிடிக்கும், எது பிடிக்காது என்பதை வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. பரிசோதித்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் போனது ஒரு நாள் கூலியும் பஸ் செலவும். பரிசோதிக்காமல் விட்டு இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தால், அந்த இரண்டு வருடத்தை எந்த மருத்துவமனையாலும் திருப்பித் தர முடியாது.

காரணம் மூளையின் கால அட்டவணை. மூன்று வயது முடிவதற்குள் குழந்தையின் மூளை, பெரியவர்களின் மூளை அளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. பார்க்க, கேட்க, பேச, பிடிக்க, நடக்கத் தேவையான நரம்பு இணைப்புகள் மிக வேகமாக உருவாவது இந்தக் காலத்தில்தான். சில வாசல்கள் அதைவிடச் சீக்கிரம் மூடிக்கொள்கின்றன. பிறவிக் கண்புரை அடர்த்தியாக இருந்தால் முதல் இரண்டு மாதங்களுக்குள் அறுவை செய்ய வேண்டும். பிந்தினால் புரையை எடுத்த பிறகும் மூளை பார்க்கக் கற்காமல் போய்விடலாம். பிறவித் தைராய்டு குறைபாட்டை, குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் இயல்பாகவே அமையும். விலை குறைந்த மாத்திரைதான். அதைத் தராமல் விட்டால் வருவது வாழ்நாள் முழுக்க நீளும் அறிவுசார் குறைபாடு.

செவித்திறனுக்கு உலகெங்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் காது கருவியும் பயிற்சியும். தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனையை வைத்து ஓ.ஏ.ஈ. சோதனையைச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். இன்குபேட்டரிலும் தீவிர சிகிச்சையிலும் இருந்த குழந்தைக்கு அது மட்டும் போதாது. செவி நரம்பின் பாதையையும் பார்க்கும் பெரா சோதனை வேண்டும். வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்து “திரும்புதே, நல்லாத்தான் கேக்குது” என்று முடிவு செய்வது ஆபத்தானது. குழந்தை கையின் அசைவையும் தரையின் அதிர்வையும் உணர்ந்து திரும்பியிருக்கலாம். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களுக்கு மழலை ஒலி எழுப்பும் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

தடுப்பூசி நாளே சோதனை நாள்

வளர்ச்சியைக் கவனிக்கத் தனியாக நாள் குறிக்கத் தேவையில்லை. அரசு அட்டவணைப்படி குழந்தை ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்திலும், ஒன்பதாவது மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் தடுப்பூசிக்குப் போகிறது. அந்த நாள்களையே சோதனை நாள்களாக வைத்துக்கொள்வது எளிது. தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் வளர்ச்சிப் படிகள் படங்களோடு அச்சிடப்பட்டிருக்கின்றன. எடையும் ஊசியும் குறிக்கப்படும் அந்த அட்டையில் இந்தப் பக்கத்தைப் பலரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஆறு வார ஊசியின்போது தாயின் முகத்தை நிலையாகப் பார்க்கிறதா, பேசினால் சிரிக்கத் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கருவிழியின் நடுவில் வெண்மை தெரிந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. பதினான்காவது வாரத்தில் தூக்கிப் பிடித்தால் தலை ஓரளவு நிற்க வேண்டும், கை விரல்கள் அவ்வப்போது விரிய வேண்டும். நான்கு மாதம் கடந்தும் கை முஷ்டியாகவே இருப்பது, கால்கள் கத்திரிக்கோல் போலப் பின்னிக்கொள்வது, உடல் விறைப்பது அல்லது துணிபோலத் துவள்வது எல்லாம் உடனே காட்ட வேண்டியவை.

ஒன்பது மாதத்தில் பிடிப்பின்றி உட்கார வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவீட்டின்படி, குழந்தைகள் தானாக உட்காரும் காலம் ஏறத்தாழ 4 மாதத்தில் தொடங்கி 9 மாதத்தில் முடிகிறது. தானாக நடக்கும் காலம் 8 மாதத்தில் தொடங்கி 18 மாதத்துக்குச் சற்று முன்னர் முடிகிறது. இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பதால் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுப் பதற வேண்டாம். அதே நேரம், 18 மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால் எந்த ஆறுதலையும் ஏற்க வேண்டாம்.

ஒரு வயதுக்குள் குழந்தை ஒரே கையால் மட்டும் எல்லாவற்றையும் எடுக்கிறது என்றால் அதை “இடக்கைப் பழக்கம்” என்று சிரித்துக் கடந்துவிடுகிறார்கள். கைப்பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. மறு கையில் பலவீனம் இருப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

பேச்சும் பழக்கமும் பிந்துவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் குழந்தை ஓடியாடி நன்றாகவே தெரியும். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதுக்குள் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டவும், பிடித்ததை மற்றவருக்குக் காட்டி மகிழவும் வேண்டும். இரண்டு வயதில் “அம்மா வா”, “பால் தா” என்று இரு சொல் சேர வேண்டும். நிலா காட்டும் சோதனை இங்கேதான் உதவுகிறது. இன்னொருவர் பார்ப்பதைத் தானும் சேர்ந்து பார்க்கும் இயல்பு வளராமல் இருப்பது ஆட்டிசத்தின் முதல் அறிகுறிகளில் ஒன்று. வந்த சொற்கள் மறைந்துபோனால் எந்த வயதானாலும் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு. 32 வாரத்தில் பிறந்தால் எட்டு வாரம் முந்திப் பிறந்திருக்கிறது. ஆறு மாதமான அந்தக் குழந்தையிடம் நான்கு மாதக் குழந்தையின் வளர்ச்சியை எதிர்பார்த்தால் போதும். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் கண் பரிசோதனையில் இந்தச் சலுகை கிடையாது. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமுக்குக் குறைவான எடையுள்ள குழந்தையின் விழித்திரையைப் பிறந்த 30 நாளுக்குள் சோதிக்க வேண்டும். 28 வாரத்துக்கும் முன் பிறந்தவை என்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. ‘குழந்தை இன்னும் தேறவில்லை, அடுத்த மாதம் பார்ப்போம்’ என்ற நினைப்பில் பார்வை போய்விடும். தவிர்க்கக்கூடிய இழப்புகளில் இதைப் போல வருத்தம் தருவது வேறில்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருப்பதால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் எக்கோ எடுக்க வேண்டும். தைராய்டு, காது, கண் பரிசோதனையும் உடனே தொடங்கி ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

பாதம் உள்ளே வளைந்து பிறக்கும் குழந்தைக்கு வாரம் ஒரு மாவுக்கட்டு வீதம் மாற்றிக் கட்டும் பொன்செட்டி முறை போதும். பெரிய அறுவை தேவைப்படுவது அரிது. கட்டு முடிந்தபின் முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கு வயதுவரை தூங்கும்போதும் சிறப்புக் காலணி போட வேண்டும். கால் நேராகிவிட்டதே என்று காலணியைப் பரணில் போடும் வீடுகளில்தான் வளைவு திரும்பி வருகிறது.

எங்கே போவது?

இந்திய அரசு 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய கார்யக்ரம் என்ற திட்டத்தின்கீழ் பிறப்பு முதல் 18 வயது வரை எல்லாக் குழந்தைகளையும் சோதிக்க ஏற்பாடு இருக்கிறது. பிறவிக் குறைகள், ஊட்டச்சத்துக் குறைகள், குழந்தைப் பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என்று நான்கு வகையையும் அது பார்க்கிறது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை.

சந்தேகம் உறுதியானால் அடுத்த இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இது இருக்கும். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சு மற்றும் செவித்திறன் வல்லுநர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் குழந்தையைப் பார்ப்பதற்காக அமைக்கப்பட்டது. கட்டணம் இல்லை. எல்லா மையத்திலும் எல்லாப் பணியிடமும் எப்போதும் நிரம்பியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே முதல் நாளே எந்த வல்லுநர் எந்தக் கிழமை இருப்பார் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வழி தெரியாதவர்கள் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து செவித்திறன் குறை, பார்வைக் குறை, அறிவுசார் குறை, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் என்று பிரிவு வாரியாக ஆரம்பநிலை மையங்களை நடத்துகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முகவரி கிடைக்கும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையங்களில் பிசியோதெரபிஸ்ட்டும் சிறப்பு ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பள்ளி வயது ஆகாத குழந்தையையும் அங்கே அழைத்துப் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு அரசு நடத்தும் உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களும் திறக்கப்பட்டு வருகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை ஊனமுற்றோர் அதிகாரமளித்தல் தேசிய நிறுவனத்தில், எல்லா வகைக் குறைபாட்டுக்குமான ஆரம்பநிலை மையம் 2021 ஜூனில் தொடங்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இந்தப் பணி அரசுத் திட்டத்துக்கு வெகு முன்னரே தொடங்கிவிட்டது. சென்னையில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கருவி மாட்டிப் பேச்சு கற்பித்துச் சாதாரணப் பள்ளிக்கு அனுப்பி வைக்கிறது. 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கானது. 1989-ல் தி. நகரில் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், அறிவுசார் குறையுள்ள குழந்தைக்கு உபநயன் என்ற படிப்படியான பயிற்சி முறையைத் தயாரித்தது. இவை ஒவ்வொன்றும் பெற்றோரை வெளியே பெஞ்சில் உட்கார வைக்காமல் உள்ளே அழைத்துக் கற்றுக்கொடுத்தன. அதுதான் இவற்றின் பெரிய கொடை.

சென்னைக்கு வெளியே சொல்ல வேண்டிய பெயர் ஆய்க்குடி. 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன், தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சொந்த ஊரில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோய் உள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் உடன் சேர்ந்தார். கிராமத்துக் குழந்தை வாரம் மூன்று முறை டவுனுக்கு வர முடியாது என்பதைத் தெரிந்துகொண்ட சங்கம், உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பியது. அவர்கள் கையில் உள்ள செயலியில் குழந்தையின் முன்னேற்றத்தைப் பதிவு செய்கிறார்கள். சிறப்பு வல்லுநர்கள் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார்கள். வண்டிச் சத்தம், கூலி இழப்பு, வீட்டில் இன்னொரு குழந்தை என்று சிகிச்சையை நடுவில் நிறுத்த வைக்கும் காரணங்களை இந்த முறை நேரடியாகக் களைகிறது. மாநிலம் முழுக்கப் பின்பற்ற வேண்டிய முறை இது.

ஆட்டிசத்திலும் இது சாத்தியம் என்று காட்டிய ஆய்வு ஒன்று, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-ல் வெளியானது. சிறப்புப் பட்டம் இல்லாத பணியாளர்கள் வீட்டுக்குப் போய், பெற்றோர் குழந்தையோடு விளையாடும்போது எப்படிக் கவனித்துப் பதில் தருவது என்று பழக்கினார்கள். அந்தப் பெற்றோரின் குழந்தைகள் தாமாகத் தொடங்கும் தொடர்பு கூடியது.

வீடுதான் பெரிய மையம்

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மையத்தில் கிடைப்பது வாரம் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தை விழித்திருப்பதோ வாரத்தில் ஏறத்தாழ 80 மணி நேரம். அந்த நேரம் குளிப்பாட்டுவதிலும் ஊட்டுவதிலும் தூக்கிச் சுமப்பதிலும் போகிறது. நல்ல தெரபிஸ்ட் இந்த வேலைகளுக்குள்ளேயே பயிற்சியை வைத்துக் கொடுப்பார்.

நம்மூர்ப் பழக்கத்தில் இதற்கு இடம் நிறைய உண்டு. இடுப்பில் தூக்குவதை எடுத்துக்கொள்ளலாம். கால்கள் விறைத்துப் பின்னும் குழந்தையை இரு காலும் அகன்றிருக்கும்படி இடுப்பில் வைத்தால் விறைப்பு தளர்கிறது, குழந்தை முதுகை நிமிர்த்தி ஊரைப் பார்க்கிறது. தோளில் சாய்த்துத் தூக்கினால் இரண்டும் கிடைக்காது. கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் குப்புறக் கிடத்திக் குளிப்பாட்டும் பாட்டி, தலையைத் தூக்கும் பயிற்சியைத் தினமும் தந்துகொண்டிருக்கிறார். பாயில் குப்புறப் படுக்கவைத்து எதிரே படுத்துக்கொண்டு பேசுவது இன்னும் நல்லது. உட்கார வராத குழந்தையை இரண்டு சுவர் சேரும் மூலையில் தலையணை அணைத்து உட்கார வைக்கலாம். விலை கொடுத்து வாங்கும் மூலை நாற்காலி செய்வதும் அதே வேலைதான்.

சில பழக்கங்களை விட வேண்டும். தூளி தூக்கத்துக்கு இதம். ஆனால் விழித்திருக்கும் குழந்தையை மணிக்கணக்காக அதிலேயே போட்டால் உடல் சுருண்டு கிடக்குமே தவிர, புரளவும் கை நீட்டவும் இடம் இருக்காது. உரம் எடுப்பது என்று துணியில் போட்டு உருட்டுவதும் காலைப் பிடித்துத் தூக்குவதும் தசை துவண்ட குழந்தைக்கு ஆபத்தானவை. படுக்கவைத்துப் பாலாடையில் புகட்டுவதும் அப்படியே. விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்குப் பால் நுரையீரலுக்குள் போய்ச் சளியும் நிமோனியாவுமாகத் திரும்பத் திரும்ப வரும். நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாய் சற்றே தாழ்ந்திருக்க, கெட்டியான கேழ்வரகுக் கூழைச் சின்னக் கரண்டியில் கொடுப்பது பாதுகாப்பானது. சாப்பாடு தினமும் ஒரு மணி நேரப் போராட்டமானால் தெரபிஸ்ட்டிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

பேச்சுக்குப் படம் போட்ட அட்டைகளைவிட அடுப்படி உதவும். வெங்காயம் உரிக்கும்போது “உரி, உரி” என்று சொல்வது, டம்ளரைக் காட்டிக் கொஞ்சம் காத்திருந்து குழந்தை கை நீட்டிய பின் தருவது, கைவீசும் பாட்டை நடுவில் நிறுத்திக் குழந்தை முடிக்கட்டும் என்று பார்ப்பது எல்லாம் பயிற்சியே. இதில் காத்திருப்பதுதான் கடினம். பாசம் மிகுந்த வீடுகளில் குழந்தை கேட்பதற்குள் எல்லாம் கைக்கு வந்துவிடுகிறது. கைபேசி விஷயத்தில் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: இரண்டு வயதுவரை திரையே வேண்டாம், ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள்.

காது கேளாத குழந்தைக்குக் கருவியும் பேச்சுப் பயிற்சியும் பலன் தருகிறதா என்று பார்த்துக்கொண்டே மொழி இல்லாமல் வருடங்களைக் கழித்துவிடக் கூடாது. சைகை மொழியும் முழுமையான மொழிதான். அதைக் கற்றால் பேச்சு வராது என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. ஏதாவது ஒரு மொழி அந்தக் குழந்தைக்கு மூன்று வயதுக்குள் கிடைத்தாக வேண்டும்.

ஏமாறக் கூடாத இடங்கள்

பெற்றோரின் தவிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே வியாபாரமும் வரும். ஸ்டெம் செல் ஊசியால் ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறோம் என்று லட்சங்களைக் கேட்பவர்கள் உண்டு. ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தெளிவாக்கியது. மூளை முடக்குவாதத்துக்கும் அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. நகையை அடகு வைத்துவிட்டு ஊசி போடுபவர்களுக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் தேவைப்படும் பயிற்சிக்குப் பணம் இருக்காது.

‘ஆறு மாதத்தில் பேச வைப்போம்’ என்று உறுதி தரும் மையத்தை விட்டு விலகுவது நல்லது. பெற்றோரை அறைக்குள் விடாத மையத்தையும் அப்படியே. சிறப்புக் கல்வியாளர், பேச்சு மற்றும் செவித்திறன் வல்லுநர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 1992-ம் ஆண்டுச் சட்டம். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

காகிதங்களும் பணமும்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைத்த பிறகு பயிற்சி தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் உண்டு. சோதனைக்கும் பயிற்சிக்கும் சான்றிதழ் தேவையில்லை. உதவித்தொகைக்கும் சலுகைகளுக்கும்தான் அது வேண்டும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து மருத்துவக் குழுவின் முன் குழந்தையைக் காட்ட வேண்டும். அறிவு வளர்ச்சித் தாமதத்துக்கு ஐந்து வயதுக்குள் தற்காலிகச் சான்றிதழே தருவார்கள், பிறகு புதுப்பிக்க வேண்டும். “இந்தச் சின்ன வயசுல முத்திரை குத்தணுமா?” என்று தயங்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லலாம்: குழந்தை முன்னேறினால் அடுத்த மதிப்பீட்டில் குறைபாட்டின் சதவீதம் மாறும், தேவையில்லை என்றால் புதுப்பிக்காமல் விடலாம்.

அறிவுசார் குறைபாடு, கடுமையான உடல் குறைபாடு, தசைச்சிதைவு முதலியவை உள்ளவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறை, பல்வகைக் குறை உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. வழக்கமான காப்பீடுகள் தராத தெரபிச் செலவின் ஒரு பகுதியை அது தருகிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட காது கேளாத குழந்தைக்கு உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சேரும். இந்த வயது வரம்பைத் தெரியாமல் தாண்டிவிட்ட குடும்பங்கள், பல லட்சம் பெறும் அந்தச் சிகிச்சைக்குக் கடன் வாங்கி அலைகின்றன. அரசு நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியும் உடன் வரும் ஒருவரும் கட்டணமின்றிப் போகலாம்.

ஒரு கோப்பு போட்டு, பிறந்தபோது மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சுருக்கம், தாய் சேய் அட்டை, பரிசோதனைத் தாள்கள், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைக்க வேண்டும். வீட்டில் எடுத்த ஒரு நிமிட வீடியோவும் கூடவே இருந்தால் நல்லது. புது இடத்தில் மிரண்டு அழும் குழந்தையைவிட, வீட்டில் விளையாடும் குழந்தையின் வீடியோ மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

தாய் ஒருத்தியின் வேலையா?

மையங்களில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். வேலையை விட்டவர்கள் அவர்கள். “உன் வயித்துல பிறந்ததுதானே” என்ற பேச்சைக் கேட்டவர்களும் அவர்கள். குழந்தையின் குறைபாட்டுக்குத் தாய் காரணம் என்பது பொய். தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் உறவுக்குள் நடப்பதாகத் தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று சொல்கிறது. சில பிறவிக் குறைகளுக்கு அது காரணமாகலாம். அப்போதும் மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன் மரபியல் ஆலோசனைக்கு இருவரும் சேர்ந்து போக வேண்டும்.

அப்பா மாதம் ஒரு முறையாவது பயிற்சிக்கு நேரில் வந்து பார்த்தால் வீட்டில் வாக்குவாதம் குறைகிறது, ஏனென்றால் தெரபிஸ்ட் சொன்னதை மனைவி வாயால் கேட்பதும் நேரில் பார்ப்பதும் வேறு. தாத்தா பாட்டியையும் ஒரு நாள் அழைத்துப் போவது நல்லது. அண்ணன் அக்காக்களைப் பயிற்சி விளையாட்டில் சேர்க்கலாம். அவர்களைச் சின்னத் தாதிகளாக மாற்றிவிடாமல், அவர்களுக்கென்றும் தினம் கொஞ்ச நேரம் ஒதுக்க வேண்டும். அம்மா தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, அடிக்கடி அழுகிறாள் என்றால் அவளுக்கும் மருத்துவர் வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனையிலேயே அந்தச் சேவை கிடைக்கும்.

மூன்று வயதில் அங்கன்வாடி அடுத்த படி. குறைபாடுள்ள குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்த்துக் கவனிப்பதற்கான நெறிமுறையை ஒன்றிய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டிருக்கிறது. மற்றக் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் தள்ளிவிட்டு விளையாடுவதும் எந்த தெரபி அறையிலும் கிடைக்காதவை. பிறகு பள்ளி. அரசு நிதி பெறும் பள்ளியும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் குறைபாட்டைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை 31-வது பிரிவு தருகிறது. ‘எங்களிடம் வசதி இல்லை’ என்று வாய்வார்த்தையில் திருப்பி அனுப்பும் பள்ளியிடம் அந்தப் பதிலை எழுத்தில் கேட்க வேண்டும். அதை இணைத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு அனுப்பலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.